சாப்பாட்டு அறையில் ஜெர்மனி

குன்னூரில் ஓய்வுபெற்ற ஆண்களுக்குப் பகல் மிக நீளம். சிலர் ரோஜா வளர்க்கிறார்கள். சிலர் நகராட்சிக்குப் புகார் எழுதுகிறார்கள். என் நண்பர் தம் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஜெர்மனியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜினீயராக இருந்தவர். தூளைப் பொட்டலம் போடும் இயந்திரத்தைப் பழகிக்கொண்டு வரச் சொல்லி நிர்வாகம் அவரைச் சில மாதங்கள் ஜெர்மனிக்கு அனுப்பிவைத்தது. இயந்திரத்தைப் பழகிக்கொண்டாரோ இல்லையோ, ஒரு பெட்டி நிறையச் சின்னஞ்சிறு ரயில்களோடு திரும்பி வந்தார். அவற்றைப் பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மாடல் ரயில்வே என்று சொல்ல வேண்டும். தண்டவாளம், மலை, ஊர், ஆட்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு லே-அவுட் என்று பெயர். 'அவர் லே-அவுட் போட்டிருக்கிறார்' என்று மார்க்கெட்டில் ஒருமுறை சொல்லிவிட்டேன். வீட்டுமனை சென்ட் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள்.

நான் ரயில்வேயில் போக்குவரத்து இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். இன்ஸ்பெக்டர் என்றால் போலீஸ் என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். கறிக்கடையில் எடை சரியாக விழுவதால் நான் யாரையும் திருத்துவதில்லை. ஈரோட்டுப் பக்கம் இரட்டைப் பாதையில் வண்டிகளை மோதாமல் பார்த்துக்கொண்டதுதான் என் வாழ்நாள் சாதனை. நண்பருக்கு அதுதான் தேவைப்பட்டது.

"ஓட்டறதுக்கு எனக்குத் தெரியுமுங்க, இன்ஸ்பெக்டர். ஆனா நெசமான ரயிலாட்ட ஓட்டோணும். அதுக்கு நீங்க வரோணும்" என்றார்.

புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் இல்லை நான். அன்று மதியமே போய்விட்டேன்.

அறையின் முக்கால் பங்கை ப்ளைவுட் பலகைகள் அடைத்திருந்தன. சாப்பாட்டு மேசையைக் கொண்டுபோய்க் கார் நிறுத்தும் கொட்டகையில் போட்டுவிட்டதால், அந்த வீட்டில் எல்லாரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இந்த ஏற்பாட்டை நண்பரின் மனைவி பல வருடங்கள் பொறுத்துக்கொண்டார். அந்த வருடம் பொறுமை முடிவுக்கு வந்தது. வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வரப்போகிறாள். குன்னூர்க் குளிரில் பிள்ளை பெற்றவளைப் படுக்கவைக்க அந்த வீட்டில் வெயில் விழுகிற அறை அது ஒன்றுதான்.

"எக்சிபிஷன் முடிஞ்சா இது திரும்பி ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங்க. எங்க வெச்சுக்குவீங்களோ, எனக்குத் தெரியாது. ஜெர்மனிக்கே அனுப்பினாலும் சரி" என்று எங்கள் முன்னாலேயே சொன்னார்.

வெளியே இடம் கிடைக்க ஒரே ஒரு வழி இருந்தது. ஊரில் பழைய வாசகசாலை ஒன்று உண்டு. அதன் பின்பக்கத்து அறை காலியாகக் கிடந்தது. கோடை சீசனில் அங்கே நடக்கும் பொழுதுபோக்குக் கண்காட்சிக்கு லே-அவுட்டைக் கொண்டுவரும்படியும், தலைமை விருந்தினருக்குப் பிடித்துப்போனால் அந்த அறையை நிரந்தரமாகக் கொடுத்துவிடலாம் என்றும் செயலாளர் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டிப் பரணில் போட வேண்டியதுதான். நீலகிரி மழையில் பரணில் போட்ட எதுவும் ஒரு வருடத்துக்கு மேல் உருப்படியாக இருந்ததில்லை. நண்பர் இளைத்துப்போனார். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறார் என்று மனைவி சொன்னார், இரக்கத்தோடு அல்ல.

இன்னும் பாதி வேலை பாக்கி இருந்தது. மலையும் காடும் செய்யும் பொறுப்பு ஒரு டிராயிங் மாஸ்டருடையது. கோத்தகிரிப் பக்கத்துப் படுகர். உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஜெர்மனியில் எப்படிப்பட்ட காடு இருக்கும் என்று நண்பர் அவருக்கு நாள்கணக்கில் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து பார்த்துவரும் மலையையே செய்து வைத்தார். சரிவுகளில் அளவாக வெட்டிய பச்சைப் புதர்கள் வரிசை பிடித்து நின்றன.

"மாஸ்டர், இது தேயிலைத் தோட்டமாட்ட இருக்குதுங்களே" என்றார் நண்பர்.

"திராட்சைன்னு நெனச்சுக்கோங்க சார். அங்க சரிவுல திராட்சை போடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"திராட்சைக்கு நடுவுல சில்வர் ஓக் மரம் எதுக்குங்க?"

"நிழலுக்கு."

காட்டுத் தரைக்கு நண்பர் தொழிற்சாலையிலிருந்து தேயிலைக் கழிவைக் கொண்டுவந்து பசை போட்டுத் தூவினார். அசல் மண்ணைப் போலவே இருந்தது. இரண்டு நாள் மழை பிடித்ததும் ஜெர்மனி முழுவதும் பூஞ்சைக் காளான் பூத்தது. நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிராயிங் மாஸ்டர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பனி விழுந்த மாதிரி இருக்கு சார், இப்படியே விட்டுடலாம்" என்றார். கடைசியில் நண்பரின் மனைவியின் ஹேர் டிரையரை வைத்து உலர்த்தினோம். கேட்டு வாங்கினோம் என்று சொன்னால் பொய்.

என் பங்கு, ஓட்டும் முறை. அறையின் இந்தக் கோடியில் பெரிய ஸ்டேஷன், அந்தக் கோடியில் சின்ன ஸ்டேஷன். இரண்டுக்கும் நண்பர் ஜெர்மன் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்திருந்தார். அவரைத் தவிர யாராலும் அவற்றை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நடுவில் இரட்டைப் பாதை. இரண்டு தடத்துக்கும் தனித்தனிக் குமிழ் வைத்த கன்ட்ரோலர். குமிழை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி முன்னால் போகும், மறுபக்கம் திருப்பினால் பின்னால் போகும். நான் பெரிய ஸ்டேஷனில் நின்றேன், நண்பர் சின்ன ஸ்டேஷனில். அவர் தும்மினால் என் சட்டையில் படும் தூரம்தான். என்றாலும் அனுமதி கேட்டு, அனுமதி வாங்கி, அதைத் திருப்பிச் சொல்லி, கைகாட்டி சிக்னலை இறக்கி, அதன்பிறகே வண்டியை விட வேண்டும் என்று விதி செய்தேன்.

"பாதை காலியா இருக்குங்களா, இன்ஸ்பெக்டர்?"

"பார்த்தால் தெரியவில்லையா?"

"நீங்கதானுங்க கேக்கச் சொன்னீங்க!"

இப்படியாக ஒரு சரக்கு வண்டி அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச்சேர ஒரு காப்பி குடிக்கும் நேரம் ஆயிற்று. எனக்குப் பரம திருப்தி. கைகாட்டிகளையெல்லாம் நானே நட்டேன். எந்த இடத்தில், எந்தப் பக்கம், டிரைவர் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது லே-அவுட் முடிந்துவிட்டது என்று அறிவித்தேன். மூன்று பேரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

அப்போது நண்பரின் மனைவி காப்பித் தட்டோடு வந்து, கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் காலண்டர் இருந்தது. நண்பர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. வருடம் எப்போதோ முடிந்தும், ரயில் படம் போட்டது என்பதால் அடுப்புக்கு மேலே தொங்கி, எண்ணெய் குடித்துக் கொழுத்திருந்தது.

"ஏனுங்கண்ணா, ஒரு சந்தேகமுங்க" என்றார் என்னிடம். "இந்தப் படத்துல நம்மளைப் பார்த்து வர்ற வண்டி இடது கைப் பக்கமா வருது. உங்க வண்டி வலது கைப் பக்கமா வருதே?"

பார்த்தேன். பாலத்தின் மேல் நின்று எடுத்த படம். எதிரே வரும் வண்டி இடப்பக்கத் தடத்தில். பின்விளக்கு எரிய அப்பால் போகும் வண்டி வலப்பக்கத் தடத்தில். நம் நாட்டில் நேர்மாறாக இருக்கும்.

நான் நிதானமாக விளக்கினேன். பராமரிப்பு வேலை நடக்கும்போது தக்க அனுமதியோடு எதிர்த் தடத்தில் வண்டியை விடுவதுண்டு, அப்படியொரு நாளில் எடுத்த படமாக இருக்கும், விஷயம் தெரியாதவர்களுக்கு இது குழப்பமாகத்தான் தோன்றும் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினார். அதிலும் அப்படியே. அதற்கடுத்த தாளில் பனி கொட்டிக் கிடந்தது, அதிலும் அப்படியே.

"பன்னெண்டு மாசமும் வேலையே நடந்துட்டு இருந்துச்சுங்களாண்ணா?" என்றார்.

ஜெர்மனியில் ரயில்கள் வலப்பக்கம் ஓடுகின்றன. நாங்கள் இடப்பக்கம் ஓடும் ஜெர்மனியைக் கட்டியிருந்தோம். நான் வேலை பார்த்த நாட்டில் இடப்பக்கம் என்பது விதி அல்ல, மூச்சு. அதை யாரும் யோசிப்பதில்லை. குன்னூருக்கு வந்த பிறகோ இங்கே இருப்பது ஒற்றைப் பாதை. இடமா வலமா என்ற பேச்சே எழாது. ஆனால் நண்பர் அந்த நாட்டில் மாதக்கணக்கில் இருந்தவர். வாரம் தவறாமல் ரயிலில் போனவர். அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னை ஏனுங்க பாக்கறீங்க? நான் எஞ்சினைத்தானுங்க பார்த்தேன். அது எந்தப் பக்கம் போச்சுன்னு யாரு பார்த்தா?"

"நீங்க எதைத்தான் பார்த்தீங்க?" என்றார் மனைவி. "இருவத்தெட்டு வருசமா அடுப்படியில இதே படம் தொங்குது. அடுப்படிப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

யார் கவனிக்கப்போகிறார்கள் என்று டிராயிங் மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமை விருந்தினர் யார் என்று அன்றைக்குத்தான் செயலாளர் சொல்லியனுப்பியிருந்தார். ரயில்வேயில் மிகப் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்று, குன்னூரில் பங்களா வாங்கிக் குடியேறியவர். நான் சர்வீஸில் இருந்தபோது, அவர் ஆய்வுக்கு வருகிறார் என்றால் ஸ்டேஷன்களில் பூனைகூடக் குறுக்கே போகாது. அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு பார்வையில் பிடித்துவிடுவார், பின்னறையும் கைவிட்டுப் போய்விடும் என்றேன். பின்னறை என்றதும் நண்பர் ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டார்.

வண்டிகளின் திசையை மாற்றுவது சுலபம். குமிழைத் திருப்பினால் போதும். ஆனால் கைகாட்டிகள்? இடப்பக்கம் ஓடும் வண்டியின் டிரைவரைப் பார்த்து நின்ற அத்தனையும் இப்போது புதிய டிரைவர்களுக்கு முதுகைக் காட்டின. ஒவ்வொன்றையும் பிடுங்கி, முகத்தைத் திருப்பி, ஸ்டேஷனின் மறுமுனைக்குக் கொண்டுபோய் நட்டு, மறுபடி ஒயர் கொடுக்க வேண்டும். மலைச்சாலையிலிருந்த கார்களையும் டிராயிங் மாஸ்டர் பிளேடால் பெயர்த்து வலப்பக்கம் ஒட்டினார். ஒரு பஸ் மட்டும் பெயர மறுத்து, பாதி வழியில் உடைந்து, நடுரோட்டில் நின்றுவிட்டது. கூடலூர் மலைப்பாதையில் பஸ் போகும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது உறுத்தாது என்று விட்டுவிட்டோம். கண்காட்சிக்கு முந்தின நாள் ஜெர்மனி உண்மையிலேயே ஜெர்மனி ஆனது. சாட்சிக்கு இருக்கட்டும் என்று காலண்டரையும் எடுத்துக்கொண்டு போனோம்.

வாசகசாலைக் கூடத்தில் எங்களுக்கு ஒரு பக்கம் போன்சாய் மரங்கள், மறுபக்கம் காய்கறியில் செதுக்கிய மயில்கள். மயில்களுக்கே கூட்டம் அதிகம். எங்கள் வண்டிகள் மூடுபனியில் கறுத்த தண்டவாளத்தில் அவ்வப்போது நின்று, நண்பர் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்ததும் மறுபடி புறப்பட்டன. அது தவிரக் குறை சொல்ல எதுவும் இல்லை. அனுமதி கேட்டோம், கொடுத்தோம், கைகாட்டிகள் இறங்கின. நண்பரின் மனைவி நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அறை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் நின்ற தோரணையே எங்களுக்கு நினைவுபடுத்திக்கொண்டிருந்தது.

தலைமை விருந்தினர் வந்தார். பின்னால் செயலாளர், மாலையைச் சுமந்துகொண்டு. "இவரும் ரயில்வேதான் ஐயா" என்று செயலாளர் என்னைக் காட்டியதும் எனக்கு அனிச்சையாக விறைப்பு வந்தது. அவர் கைத்தடியை ஊன்றிக் குனிந்து பார்த்தார். இரண்டு வண்டிகள் எதிரெதிரே கடந்து போயின. அவர் முகம் சுருங்கியது.

"யார் இதுக்கு இன்சார்ஜ்? வண்டி ராங் சைட்ல போகுது!"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் தயாராகி வந்திருந்தேன். "சார், ஜெர்மனியில் வலப்பக்கம்தான் சார்" என்றேன்.

"நான்சென்ஸ். நான் ஜெர்மனிக்கு ரெண்டு தடவை போயிருக்கேன். ட்ரெயின்லயே லஞ்ச் சாப்பிட்டிருக்கேன். இப்படியா ஓட்டினான்? லெஃப்ட்தான்."

"ஐயா பார்க்காத ரயிலா?" என்றார் செயலாளர் என்னைப் பார்த்து. சொல்லிவிட்டு, பின்னறை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார்.

டிராயிங் மாஸ்டர் காலண்டரைக் காட்டினார். பெரியவர் அதைக் கையில் வாங்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "ஃபிலிமைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் பண்ணிட்டான். பிரஸ்ல அடிக்கடி நடக்கும்" என்றார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் பராமரிப்பு வேலையைக் கட்டிக்கொண்டு அழுதபோது இது தோன்றவில்லையே. பெரிய பதவிக்குப் போகிறவர்கள் சும்மா போவதில்லை.

"எழுத்தெல்லாம் நேராத்தானுங்களே இருக்குது?" என்றார் நண்பரின் மனைவி.

ஃபிலிம் திரும்பியிருந்தால் எஞ்சினில் இருந்த எண்ணும் ஸ்டேஷன் பெயரும் திரும்பியிருக்க வேண்டும். இதை அவர் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் படத்தைப் பார்த்தோம். பெரியவரும் பார்த்தார். காய்கறி மயில் பக்கம் நின்ற கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. செயலாளர் மாலையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். பெரியவரின் காது மடல் சிவந்தது. அந்த நிறத்தை நான் சர்வீஸில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாருக்காவது இடமாற்றம் வரும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நண்பர் இரண்டு குமிழ்களையும் திருப்பிவிட்டார். வண்டிகள் நின்று, ஒரு குலுக்குக் குலுக்கி, வந்த வழியே திரும்பின. இடப்பக்கம்.

"நீங்க சொன்னது சரிதானுங்கய்யா. ஒயரை மாத்திக் குடுத்துட்டேனாட்ட இருக்குது" என்றார்.

பெரியவர் நிமிர்ந்தார். "ஆங்! நௌ இட்ஸ் கரெக்ட். சேஃப்டி ஃபர்ஸ்ட், இல்லையா?" என்று என் தோளில் தட்டினார். "எந்த டிவிஷன்ல இருந்தே?"

நான் கைகாட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிகள் இப்போது அத்தனை கைகாட்டிகளின் முதுகையும் பார்த்துக்கொண்டு ஓடின. ஒரு கைகாட்டிகூட ஒரு டிரைவருக்கும் தெரியாது. நிஜத்தில் அப்படி ஒரு வண்டி ஓடியிருந்தால் மறுநாள் பேப்பரில் வந்திருக்கும். ஆயுள் முழுவதும் ரயில்வேயில் இருந்து, பூனைகளையெல்லாம் நடுங்கவைத்த அந்த மனிதர் அதை ஐந்து நிமிடம் ரசித்துப் பார்த்துவிட்டு, மயில்களைப் பார்க்கப் போனார்.

நன்றியுரையில் செயலாளர், ஒரு பெரிய தொழில்நுட்பக் கோளாறைத் தலைமை விருந்தினர் நொடியில் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்ததைக் குறிப்பிட்டார். கைத்தட்டல். அதே மூச்சில், ஐயாவின் விருப்பப்படி பின்னறை மாடல் ரயில்வேக்கு ஒதுக்கப்படுகிறது என்றும் சொன்னார். நண்பரின் மனைவிதான் பலமாகக் கை தட்டினார்.

மறுநாளே ஒரு பிக்கப் வண்டி வைத்துப் பலகைகளைப் பின்னறைக்குக் கொண்டுபோனோம். பழைய பேப்பர் கட்டுகளின் வாடை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பேக்கரியின் வர்க்கி வாசனை. நண்பர் அறையை நாலு பக்கமும் அளந்து பார்த்துவிட்டு, இன்னொரு ஸ்டேஷனுக்கும் இடம் இருக்கிறது என்றார். அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையை அன்று காலையே கழுவிவிட்டுக் கட்டில் போட்டாயிற்று.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வாரம் கஷ்டப்பட்டு எல்லாவற்றையும் திருப்பி நட்டோம். நாம் சொன்னதுதான் சரி. அத்தனை பேர் முன்னால் தவறென்று ஒப்புக்கொண்டு குமிழைத் திருப்பினீர்களே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"ரூம் இல்லாதவனுக்குத்தானுங்க வெக்கம், இன்ஸ்பெக்டர்" என்றார். "அவரு செவ்வாயும் சனியும் பேப்பர் படிக்க வருவாராம், செயலாளர் சொன்னாரு. அந்த ரெண்டு நாளு இடப்பக்கம் ஓட்டலாம். மத்த நாளு உங்க இஷ்டமுங்க."

"கைகாட்டி?"

"அதை யாருங்க பாக்கறாங்க?"

பலகையின் மறுமுனையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் கீழே குனிந்து மேசைக்காலில் ஸ்குரூவைப் போட்டு முறுக்க ஆரம்பித்தார்.